விகாரையில் கேமரா: எங்கே நிற்பது, எப்போது கீழே வைப்பது

லாவோஸின் லுவாங் பிரபாங் நகரத்தில் விடிகாலையில் பிக்குகள் பிண்டபாதத்துக்கு, அதாவது ஊரார் இடும் உணவை ஏற்க, வரிசையாக வருவார்கள். அந்த ஊர்ப் பேச்சில் அதற்குப் பெயர் ‘தாக் பாத்’. மூத்தவர்கள் முன்னால், சிறுவயதுச் சாமணேரர்கள் (பயிற்சித் துறவிகள்) கடைசியில். எல்லோரும் வெறுங்காலோடு, தோளில் தொங்கும் பாத்திரத்தோடு வருவார்கள். பேச்சு கிடையாது, நின்று நிதானிப்பதும் கிடையாது. வீதியோரம் மண்டியிட்டிருப்பவர் கூடையிலிருந்து ஒரு சிறு உருண்டைச் சோற்றை எடுத்துப் பாத்திரத்தில் இடுவதற்குள் அடுத்த பிக்கு வந்துவிடுவார். அந்த நேரத்தில் ஒரு பயணி படத்துக்காக ஓர் அடி முன்னால் வைத்தால் போதும். முதல் பிக்கு விலக வேண்டியிருக்கிறது, பின்னால் வருபவர் தடுமாறி நிற்கிறார், சோறு ஏந்திய பாட்டியின் கை அந்தரத்தில் காத்திருக்கிறது.

மடாலயப் புகைப்படங்கள் தொடர்பான மனக்கசப்புகளில் முக்கால்வாசி இந்த வகைதான். பழி கேமராமேல் விழுகிறது, தப்பு செய்தவை கால்கள். எவ்வளவு அருகில் நின்றோம், யாரைவிட உயரத்தில் நின்றோம், யாருக்கு முன்னால் நின்றோம், எந்த நேரத்தில் நகர்ந்தோம் என்ற நான்கும் ஒழுங்காக இருந்தால் லென்ஸைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அதனால் இடமும் நேரமும் முதலில். ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) சங்கதிகள் பிறகு.

தாக் பாத்தையே எடுத்துக்கொள்வோம். பருவத்தைப் பொறுத்துக் காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் நடக்கும். உணவு இடுபவர்கள் இருக்கும் நடைபாதைக்கு எதிர்ப்பக்கம்தான் நம் இடம். வரிசை வருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். லாவோஸிலும் தாய்லாந்திலும் தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது என்ற எண்ணம் ஆழமானது. மண்டியிட்டு உணவு இடுகிறவர்கள் நடுவே நெடுமரமாக நிற்பது கண்ணை உறுத்தும். படத்துக்கும் உட்காருவதே நல்லது. தாழ்ந்த கோணத்தில் பாத்திரமும் கையும் முகமும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும், பின்னணியில் நிறுத்தப்பட்ட வண்டிகளுக்குப் பதிலாகக் கூரையும் வானமும் கிடைக்கும்.

லென்ஸ் 70-200 மி.மீ. அல்லது அதற்கு இணையானது. அகலக் கோண லென்ஸ்தான் இங்கே பெரிய வில்லன். 24 மி.மீ. போட்டவருக்கு முகம் ஓரளவு பெரிதாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மீட்டருக்குள் போயாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, அவர் கையில் இருக்கும் கண்ணாடி அவரை முன்னால் தள்ளுகிறது. கைபேசியின் முதன்மை லென்ஸும் கிட்டத்தட்ட இதே அகலம்தான். கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் முகத்தை விட்டுவிட்டு வீதி, பனி, வரிசையின் நீளம் என்று எடுத்தால் போதும். அந்தப் படம் பெரும்பாலும் நெருக்கப் படத்தைவிட நன்றாகவே இருக்கும்.

வரிசையோடு கூடவே நடக்காதீர்கள். ஒரே இடத்தில் இருந்தால் வெவ்வேறு விகாரைகளின் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நம்மைக் கடந்து போகும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும். முதல் வரிசையில் வெளிச்சத்தை அளந்து, இரண்டாவதில் சட்டத்தைச் சரிசெய்து, மூன்றாவதில் படத்தை எடுக்கலாம். பேருந்து, வேன் போன்றவற்றில் உயரமாக உட்கார்ந்து பின்தொடர்வது அவமரியாதை என்று ஊர் அறிவிப்புகளே சொல்கின்றன. தோளும் மார்பும் காலும் மறையும் உடை வேண்டும் என்பதும் அதே அறிவிப்புகளில் இருக்கிறது.

நீங்களும் உணவு இடப் போகிறீர்கள் என்றால் கேமரா பைக்குள் போய்விட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. தான் உணவு இடுவதை நண்பரை விட்டுப் படம் எடுக்கச் சொல்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சமான காட்சி. சோற்றை வீதியில் துரத்தி விற்பவர்களிடம் வாங்காமல், தங்கும் விடுதியில் முந்தின இரவே சொல்லிவைப்பது நல்லது. பழைய சோறு பிக்குகளின் வயிற்றுக்குத்தான் போகிறது. வரிசையின் கடைசியில் கூடையோடு காத்திருக்கும் ஏழைக் குழந்தைகளுக்குப் பிக்குகள் தங்கள் பாத்திரத்திலிருந்தே சோறு எடுத்துப் போடுவதைப் பார்க்கலாம். அது அழகான தருணம்தான். ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தை நெருக்கமாக எடுத்து வறுமையின் அடையாளமாக்குவதற்கு அது இடமல்ல. கைகளும் கூடையும் போதும்.

இதற்கு எழுதும் படக்குறிப்பில் ‘பிச்சை எடுக்கிறார்கள்’ என்று போடாதீர்கள். அமுதசுரபி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்கக் கடினமில்லை. இடுபவர் புண்ணியம் பெறுகிறார், ஏற்பவர் நன்றி சொல்வதில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பிண்டபாதம் என்ற சொல் இருக்கவே இருக்கிறது.

வெளிச்சக் கணக்கு: சூரியன் எழுவதற்குப் பதினைந்து இருபது நிமிடம் முன் எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), விநாடியில் 200இல் ஒரு பங்கு (ஷட்டர் வேகம்), ஐ.எஸ்.ஓ. 6400 என்று தொடங்கலாம். இந்த வேகத்தில் முகம் உறையும், பாதம் லேசாக மங்கும். அந்த மங்கல் படத்துக்கு உயிர். எஃப் 4 லென்ஸ் வைத்திருப்பவர்கள் 100இல் ஒரு பங்குக்கு இறங்கி, நம்மை நோக்கி வருபவர்களை மட்டும் எடுக்கலாம். நேரே வருபவரின் அசைவு பக்கவாட்டில் நடப்பவரின் அசைவைவிடக் குறைவாகவே தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அதோடு ஃபோகஸுக்கு உதவும் சின்ன ஆரஞ்சு விளக்கையும் மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள். ஃபிளாஷை அணைத்த பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இருட்டில் பிக்குவின் கண்ணில் நேரே அடிப்பது அதுதான்.

தேரவாத நாடுகளான இலங்கை, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா எல்லாவற்றிலும் பிக்குகளின் நாள் நண்பகலைச் சுற்றி அமைந்தது. துறவிகளின் ஒழுக்க விதியான விநயப்படி நண்பகலுக்குப் பிறகு திட உணவு கிடையாது. அதனால் பதினொரு மணியையொட்டி விகாரைக்குள் போனால் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்போம். மாண்டலேக்கு அருகே அமரபுராவில் உள்ள மகாகந்தாயோன் மடத்தில் காலை பத்தேகால் அளவில் நூற்றுக்கணக்கான பிக்குகள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். சுற்றுலாப் பேருந்துகள் குவிந்த ஆண்டுகளில் அந்த வரிசையின் இரண்டு பக்கமும் கேமராக்கள் சுவர் எழுப்பி நின்றன. சாப்பிடும் கூடத்தின் ஜன்னலுக்குள் லென்ஸை நுழைத்தவர்களும் உண்டு. அந்த மாதிரி இடங்களில் எடுத்த படங்களைப் பாருங்கள், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அதே மடத்தில் ஒரு மணி நேரம் முன்பு போனால் பாத்திரம் கழுவுவது, சீவரம் (துறவிகளின் ஆடை) காயப்போடுவது, கிணற்றடி, விறகு அடுக்குவது என்று வாழ்க்கையே கண்ணெதிரே நடக்கும். கூட்டமும் இருக்காது. துறவு வாழ்க்கை என்றால் தியானமும் ஓதலும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

சாப்பிடும்போது எடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வாயில் கவளம் இருக்கும் படத்தை நம் வீட்டு விருந்திலேயே யாரும் விரும்ப மாட்டார்கள்.

லடாக், ஸ்பித்தி, தவாங், கர்நாடகத்தின் பைலக்குப்பே, நேபாளம் என்று திபெத்திய மரபின் பக்கம் போனால் கதை வேறு. இங்கே வீதியைவிட உள்ளறைதான் முக்கியம். லே அருகே உள்ள திக்சே மடத்தில் காலைப் பூஜைக்கு வெளியாட்கள் வந்து உட்கார அனுமதி உண்டு. மொட்டை மாடியில் கொம்பு ஊதிய பிறகு பிக்குகள் கூடத்துக்கு வருவார்கள். அவர்கள் உட்காரும் நீள இருக்கைகள் நடுவில் வரிசையாக இருக்கும். நமக்கு இடம் சுவரோரம். உள்ளே போனதும் இடப்பக்கமாகத் திரும்பி, வலஞ்சுழியாகச் சுவரை ஒட்டியே போய் உட்கார வேண்டும். இருக்கை வரிசைகளுக்கு நடுவே உள்ள பாதை படம் எடுக்க மிக வசதியாகத் தெரியும். ஓதல் நடக்கும்போது அதற்குள் கால் வைக்கவே கூடாது. அந்தப் பாதையில்தான் சிறிய சாமணேரர்கள் வெண்ணெய்த் தேநீர்க் கெட்டிலோடு ஓடுவார்கள். கால் தடுக்கினால் கொதிக்கும் தேநீர் யார் மடியில் விழும் என்று சொல்ல முடியாது.

நீளத் தாள்களாக இருக்கும் சுவடிகளைத் தாண்டக் கூடாது, காலியாக இருந்தாலும் இருக்கையை மிதிக்கக் கூடாது, உயர்ந்த ஆசனத்தில் பையை வைக்கக் கூடாது. காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைப் பீடத்தின் பக்கம் காட்டக் கூடாது. இதெல்லாம் எழுதப்பட்டு ஒட்டியிருக்காது. அதைவிட அடிக்கடி நடக்கும் விபத்து முதுகுப்பையால் வருவது. பீடத்தின் முன் ஏழு கிண்ணங்களில் கிட்டத்தட்ட விளிம்புவரை நீர் நிரப்பி வைத்திருப்பார்கள். அதன் பக்கத்தில் வெண்ணெய் விளக்குகள். திரும்பும்போது பை தட்டினால் நீர் கொட்டும், அல்லது தொங்கும் பட்டை தீயில் படும். பையை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு, கழுத்தில் ஒரு கேமரா, சட்டைப் பையில் ஒரு பேட்டரி என்று உள்ளே போங்கள். லென்ஸ் மாற்றும் சத்தமும் மிச்சம்.

அனுமதி யாரிடம் கேட்பது என்பதில் பலர் குழம்புகிறார்கள். வாசலில் டிக்கெட் கொடுப்பவர் சரி என்றால் கட்டடத்துக்குச் சரி, பூஜைக்குச் சரி என்று அர்த்தமில்லை. திபெத்திய மடங்களில் கூடத்தின் ஒழுங்கைக் கவனிக்கும் மூத்த பிக்கு ஒருவர் இருப்பார். அவரை கெகோ என்பார்கள். ஓதலை முன்நின்று நடத்துபவர் உம்ஸே, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். பூஜை தொடங்கும் முன் கெகோவிடம் கேட்டு, எங்கே உட்காரலாம் என்று அவரையே காட்டச் சொன்னால் அதற்குப் பிறகு யாரும் உங்களை முறைக்க மாட்டார்கள். அவர் சரி என்றாலும் அந்த அரை மணி நேரத்தில் எடுப்பதற்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் உட்காருவது என் பரிந்துரை. எப்போது தாளம் ஒலிக்கும், எப்போது முரசு, எப்போது தேநீர் என்பது அதற்குள் பிடிபடும். பிறகு வரப்போவதை எதிர்பார்த்து எடுக்கலாம், நூறு முறை அழுத்த வேண்டியதில்லை.

இந்தக் கூடங்களின் வெளிச்சம் மிகக் குறைவு. எஃப் 1.8 லென்ஸில் விநாடியில் 80இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 6400 என்பது சாதாரணம். 35 அல்லது 50 மி.மீ. ஒற்றைக் குவிய லென்ஸ் இங்கே ஜூமைவிட உதவும். ஓதும்போது பிக்குகள் முன்னும் பின்னும் அசைவார்கள். அசைவின் இரு முனைகளிலும் ஒரு கணம் நிற்பார்கள், அப்போது அழுத்தினால் முகம் தெளிவாக வரும். பெரிய கைத்தாளங்களை உறைய வைக்க 250இல் ஒரு பங்காவது வேண்டும். அந்த வெளிச்சத்தில் அது முடியாது என்றால் தாளம் மங்கட்டும், முகத்தைப் பிடியுங்கள்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பெரிய வரம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கூடத்தில் எல்.இ.டி. அல்லது குழல் விளக்கு எரிந்தால் படத்தில் கிடைமட்டக் கோடுகள் வரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இந்தியா, நேபாளம், பூட்டான் பக்கம் ஷட்டரை 50 அல்லது 100இல் ஒரு பங்கில் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையவில்லை என்றால் சாதாரண ஷட்டருக்கு மாறி, முரசு முழங்கும்போது மட்டும் அழுத்துங்கள். பின்திரையையும் அணைத்துவிடுங்கள். இருட்டுக் கூடத்தில் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பளிச்சிடும் நீலத்திரை ஃபிளாஷுக்கு அடுத்தபடியான தொல்லை.

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) தானியங்கியில் விட்டால் கேமரா வெண்ணெய் விளக்கின் பொன்னிறத்தைக் கழுவித் துடைத்துவிடும். 3200 கெல்வின் அளவில் நிறுத்தி, ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்து, வீட்டில் சரிசெய்யலாம். கைபேசியின் இரவு முறையும் இதேபோல்தான். இருண்ட கூடத்தைக் கல்யாண மண்டபமாக்கிவிடும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

சீவரத்தின் நிறம் தனிப் பாடம். இலங்கை, தாய்லாந்தில் காவியும் ஆரஞ்சும், மியான்மரிலும் திபெத்திய மரபிலும் அடர் செம்பழுப்பு. ஆரஞ்சுத் துணி வெயிலில் பட்டால் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்துவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) நன்றாகவே இருப்பதாகக் காட்டும், வீட்டில் திறந்து பார்த்தால் மடிப்பே இல்லாத ஒரு தட்டை ஆரஞ்சுப் பரப்பு. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, தேவைப்பட்டால் முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுங்கள். செம்பழுப்பில் பிரச்சினை நேர்மாறாகத் தொடங்கும். சட்டம் முழுக்க அடர்நிறமாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிடும். மழித்த தலையும் நெற்றியும் வெளுத்துப்போகும், துணி இளஞ்சிவப்பாகும். அங்கும் குறைக்கத்தான் வேண்டும், ஒரு ஸ்டாப் வரை. இரண்டிலும் முகத்தோலை வைத்து அளப்பதே பாதுகாப்பு. லடாக்கில் காலை ஒன்பதுக்குப் பிறகு வெயில் கொடூரமானது. தாழ்வாரத்து நிழலில் இருப்பவரை எடுங்கள், முற்றத்தில் நிற்க வைக்காதீர்கள்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பித்தியின் கீ மடம் சுமார் 4,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேட்டரி அங்கே பாதி நாள்கூடத் தாங்காது. மாற்றுப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டிலேயே வையுங்கள். குளிரிலிருந்து சூடான மடப்பள்ளிக்குள் நுழைந்தால் லென்ஸில் நீர் படியும். கேமராவை வெளியிலேயே மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே அரை மணி நேரம் விட்டு எடுக்க வேண்டும்.

திபெத்திய மடங்களின் தர்க்க வாதம் புகைப்படக்காரர்களுக்கு விருந்து. கேள்வி கேட்பவர் நிற்பார், பதில் சொல்பவர் உட்கார்ந்திருப்பார். கேள்வியின் முடிவில் நிற்பவர் வலக்கையை ஓங்கி இடக்கையில் தட்டி, இடக்காலை மிதிப்பார். 500இல் ஒரு பங்கு வைத்தால் கை உறையும். 60இல் வைத்தால் கை விசிறிபோல் விரியும், உட்கார்ந்திருப்பவர் முகம் மட்டும் தெளிவாக நிற்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் வாதத்தின் கதை பதில் தேடும் அந்த முகத்தில் இருக்கிறது. ஆனால் அவர்கள் மாணவர்கள், நடப்பது பாடம். முற்றத்தின் விளிம்பைத் தாண்டி ஜோடிகளுக்கு நடுவே போகக் கூடாது. கைதட்டலைச் சண்டை என்று படக்குறிப்பு எழுதுவதையும் பார்த்திருக்கிறோம்.

ஹெமிஸ் மடத்தில் ஜூன், ஜூலையில் திபெத்திய நாள்காட்டிப்படி வரும் திருவிழாவில் முகமூடி நடனம் நடக்கும். அதற்கு ‘சாம்’ என்று பெயர். ஆடுபவர்கள் பிக்குகள். பார்ப்பவர்களில் உள்ளூர் மூதாட்டிகளுக்கு அது தரிசனம். முற்றத்தில் அவர்களுக்கு முன்னால் எழுந்து நிற்பதுதான் அங்கே செய்யக்கூடிய பெரிய பிழை. அதிகாலையிலேயே போய்த் தரையில் முன்வரிசையில் உட்காருங்கள், அல்லது மேல்தளத்தில் ஓரிடம் பிடியுங்கள். பிடித்த இடத்தை ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பின்னால் இருப்பவருக்கு விட்டுக்கொடுங்கள். ஆடுகளத்துக்குள் ஓர் அங்குலம்கூடப் போகக் கூடாது. பூட்டானின் ஷெச்சு விழாக்களிலும் இதே விதி.

இனி, கேமராவை எடுக்கவே கூடாத இடங்கள். லடாக்கின் அல்ச்சியிலும், 996இல் நிறுவப்பட்ட ஸ்பித்தியின் தாபோவிலும் ஓவியக் கூடங்களுக்குள் படம் எடுக்கத் தடை. பூட்டானில் முற்றத்தில் எடுக்கலாம், கோயிலறைக்குள் கூடாது. லேயின் ஸ்பிதுக் போன்ற மடங்களில் காவல் தெய்வங்களின் தனி அறை உண்டு. சிலைகளின் முகங்கள் துணியால் மூடப்பட்டிருக்கும். அங்கே கேமரா பைக்குள் இருக்கட்டும். ஜப்பானின் எய்ஹெய்ஜி மடத்தில் கட்டடங்களை எடுக்கலாம், பயிற்சித் துறவிகளை நோக்கிக் கேமராவைத் திருப்பக் கூடாது. தர்மசாலாவில் தலாய் லாமாவின் உபதேச நாள்களில் கேமராவும் கைபேசியும் உள்ளே அனுமதி இல்லை, மொழிபெயர்ப்பு கேட்கச் சின்ன எஃப்.எம். வானொலி கொண்டுபோகலாம். புத்தகயாவில் 2013 ஜூலை குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மகாபோதி கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை வந்தது. தனிக் கேமராவைக் கட்டணம் கட்டிக் கொண்டுபோகலாம். கைபேசியே போதும் என்று போகிறவர்கள் வெறுங்கையோடுதான் போதி மரத்தைப் பார்ப்பார்கள். அதுவும் கெட்டதில்லை.

இலங்கையில் சிலையோடு சேர்ந்து எடுக்கும் படம்தான் ஆபத்து. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அங்கே சுவையின்மை என்பதைத் தாண்டிச் சட்டப் பிரச்சினை ஆகலாம். 2012இல் சிலையை முத்தமிடுவதுபோல் படம் எடுத்துக்கொண்ட மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்குக் காலி நகரத்தில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. படங்களைக் கழுவக் கொடுத்த கடையிலிருந்துதான் தகவல் போனது. 2014இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பயணி ஒருவர் நாடு கடத்தப்பட்டார். ஆளும் சிலையும் ஒரே படத்தில் வேண்டுமானால் ஆள் பக்கவாட்டில், சிலையைப் பார்த்தபடி, கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.

கேட்பதற்குச் சொற்கள். சிங்களத்தில் பிக்குவை ‘ஹாமுதுருவனே’ என்று அழைத்து, ‘போட்டோ எகக் கன்ன புளுவன்த?’ என்று கேட்கலாம். திபெத்தியர்களிடம் மூத்த பிக்குவை ‘கென் லா’ என்றும் பிக்குணியை ‘அனி லா’ என்றும் விளித்து, கேமராவைக் காட்டித் தலையசைத்தாலே புரியும். எல்லாத் துறவியையும் லாமா என்பது தவறு, லாமா என்றால் குரு. கேட்கும்போது கேமரா இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். கண்ணில் வைத்துக்கொண்டு கேட்பது கேட்பதே அல்ல. மௌனமும் சிரிப்பும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஊர்களில் முகத்துக்கு நேரே மறுப்பது நாகரிகமில்லை என்பதால்தான் சிரிக்கிறார்கள். தலை லேசாகத் திரும்பினால், சீவரத்தின் முனை முகத்தருகே உயர்ந்தால், பதில் கிடைத்துவிட்டது.

தேரவாத பிக்குகள் பெண்களைத் தொடுவதில்லை, தாய்லாந்து போன்ற இடங்களில் பெண்களிடமிருந்து நேரடியாகக் கையில் எதையும் வாங்குவதும் இல்லை. எடுத்த படத்தைக் காட்டும் ஆர்வத்தில் பெண்கள் கேமராவை நீட்டித் தோளோடு தோள் குனியும்போது பிக்கு பின்வாங்குவார், இருவருக்கும் சங்கடம். கேமராவை மேசையிலோ திண்ணையிலோ வைத்துவிட்டு நகர்ந்து நின்றால் அவரே பார்த்துக்கொள்வார்.

படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். சாமணேரர்களின் பத்துச் சீலங்களில் பொன்னையும் பணத்தையும் ஏற்காதிருப்பதும் ஒன்று. சிறுவன் கையில் ஒரு நோட்டைத் திணிப்பது அவன் விரதத்தைக் கெடுப்பது, அடுத்த பயணியிடம் கையேந்தக் கற்றுக்கொடுப்பதும்கூட. உண்டியல் இருக்கிறது, அதில் போடுங்கள். சிறுவர்களைப் பொறுத்தவரை துறவிக்கோலம் இருந்தாலும் அவர்கள் குழந்தைகள்தான். அவர்களுடைய ஆசிரியரிடம் கேட்க வேண்டும். படுக்கையறை, குளியலிடம் பக்கம் போகவே கூடாது. பந்து விளையாடும் சின்னத் துறவி, கண்ணாடி போட்டுக்கொண்டு கைபேசி பார்க்கும் துறவி என்று முரணைத் தேடி எடுக்கும் படங்கள் எனக்குச் சலித்துவிட்டன. துறவிகள் கைபேசி வைத்திருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை.

திரும்பி வந்த பிறகும் வேலை இருக்கிறது. திபெத்துக்குள் எடுத்த படங்களில் முகம் தெரியும் துறவியின் மடத்துப் பெயரையோ இருப்பிடத்தையோ போடாதீர்கள். அங்கே தலாய் லாமாவின் படம் வைத்திருப்பதே குற்றம். பின்சுவரில், மேசையில், கழுத்துப் பதக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்த பிறகே வெளியிடுங்கள். மியான்மரிலும் பேரணியில் நிற்கும் பிக்குவின் முகம் அவருக்கு எதிரான சாட்சியாகலாம். கோப்பில் பதிந்திருக்கும் ஜி.பி.எஸ். தகவலை ஏற்றுமதி செய்யும்போதே நீக்கிவிடலாம், பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு ஒரு தேர்வு உண்டு. விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ என்றால் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

‘அனுப்பிவைக்கிறேன்’ என்று சொன்னால் அனுப்புங்கள். நான்குக்கு ஆறு அங்குல மேட் அச்சு போதும், பளபளப்புத் தாளில் விரல் ரேகை படியும். தனிப் படங்களைவிடக் கூட்டப் படங்களையே மடங்களில் விரும்பி வைத்துக்கொள்வார்கள். பின்புறம் தேதி, பூஜையின் பெயர், எடுத்த கூடம் ஆகியவற்றைப் பென்சிலில் எழுதி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மடத்தின் முகவரிக்குக் கெகோவின் பார்வைக்கு என்று அனுப்பலாம். அச்சில் புத்தர் உருவம் இருந்தால் அதன்மேல் எதையும் எழுத வேண்டாம். அச்சின் மறுபக்கத்தில் எழுதுங்கள்.